மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் பாட்டு எப்படிக் கேட்டது?

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எழுதிய நாடகங்கள் கொட்டகைகளிலும் ஊர்த் திடல்களிலும் விடிய விடிய நடந்தன. அன்று ஒலிபெருக்கி கிடையாது. பிறகு எப்படிக் கேட்டது?

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட நடிகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். அழுத்திப் பாடும்போது குரலில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான மேல்சுரங்கள் வலுக்கும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறத்தாழ அந்த எல்லையில்தான்.

இரவும் துணை நின்றது. பகலில் சூடான தரைக்காற்று ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடும். இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்து கூட்டத்தின் மேல் இறங்கும்.

காற்றின் திசையும் முக்கியம். கீழைக் கடற்கரையில் இரவு நிலக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். தரையை உரசும் காற்று மெதுவாகவும் உயரத்துக் காற்று வேகமாகவும் போவதால், காற்றோடு செல்லும் ஒலியும் கீழே வளையும். ஆகவே அங்கே மேடையை மேற்கே போட்டு, கூட்டத்தைக் கிழக்கே உட்காரவைத்தால் பாட்டு தெளிவாகக் கேட்கும்.