உங்களுக்குத் தெரியுமா? ‘ஆல்ரெடி’ உட்காரும் இடம்

“ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் ஏற்கெனவே கிளம்பியிருந்தது.” இதில் ‘ஏற்கெனவே’யை ரயிலுக்கு முன்னால் வைத்தாலும் தமிழில் உறுத்தாது. ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’க்கு வழக்கமான இடம் ‘ஹாட்’டுக்கும் வினைக்கும் நடுவே: ‘தி டிரெய்ன் ஹாட் ஆல்ரெடி லெஃப்ட்’. ஜஸ்ட், நெவர், ஆல்வேஸ் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் உட்காரும். துணைவினையையும் வினையையும் இப்படிப் பிரிப்பது பிழை என்று சிலர் இன்றும் தயங்குகிறார்கள். தயக்கமே வேண்டாம், நடுவில் வைப்பதே இயல்பு என்று ஃபவுலர் 1926-இல் வெளிவந்த தன் ஆங்கில வழக்கு அகராதியில் அழுத்தமாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹார்ட்லி’. அது வாக்கியத்தின் தலைக்குப் போனால் ‘ஹாட்’டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்: ‘ஹார்ட்லி ஹாட் ஐ சாட் டவுன் வென் தி ஃபோன் ராங்’. நம் வழக்கில் அதே நொடி இது: “உட்கார்ந்தேனோ இல்லையோ, போன் அடித்தது.” ‘நோ ஸூனர்’ என்று தொடங்கினால் மட்டும் ‘வென்’ வராது, ‘தேன்’ வர வேண்டும். ‘ஸூனர்’ ஒப்பீட்டுச் சொல்லாயிற்றே!