பெயரும் அச்சமும்: ஒரு நூல்வரிசை வளர்த்த இளமை

மாயக்கதைகள் சிறுவரை உலகியலிலிருந்து விலக்கிவிடும் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. நீண்டதொரு மாயக்கதை வரிசை இளம் வாசகரின் உள்ளத்தில் ஆற்றும் பணியை மொழியியல் நோக்கில் அணுகினால், இவ்வெண்ணம் மறு ஆய்வுக்குரியது என்பது புலப்படும். ஜே. கே. ரோலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

இவ்வரிசையின் முதல் நூல் 1997 ஜூன் மாதத்திலும் ஏழாம் நூல் 2007 ஜூலை மாதத்திலும் வெளிவந்தன. தொடக்கத்தில் 11 வயது நிறையும் கதைத்தலைவன் இறுதி நூலில் 17 வயதை எட்டுகிறான். அவனுடன் நூலின் நடையும் வளர்கிறது. பிரிட்டிஷ் முதற்பதிப்பில் 223 பக்கங்களில் அமைந்த முதல் நூலுக்குப் பின், ஐந்தாம் நூல் 766 பக்கங்களாக விரிகிறது. முன்பே பழகிய மாந்தருக்கு அடுத்து என்ன நேரும் என்னும் ஆவலால், நெடிய நூலையும் சிறுவர் எவரும் வற்புறுத்தாமலே படித்து முடிக்கின்றனர். தனிக்கதை ஒன்றால் இப்பயனைத் தருதல் அரிது.

வாசகரின் சிந்தனையும் இவ்வாறே படிப்படியாக வளர்க்கப்படுகிறது. கதையின் தீயோனாகிய வோல்டமோர்ட்டின் பெயரைச் சொல்ல மக்கள் அஞ்சுகின்றனர். சுற்றிவளைத்தே அவனைக் குறிப்பிடுகின்றனர். இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. இரவில் பாம்பைப் 'பூச்சி' என்பதும், கொடிய நோயை 'அம்மை' என்பதும் நம் மக்கள் வழக்கே. தகாதவற்றை வேறு சொல்லால் குறிக்கும் முறையை நம் இலக்கணிகள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனத் தகுதி வழக்கினுள் வகுத்துள்ளனர்.

முதல் நூலில் தலைமையாசிரியர் டம்பிள்டோர், தீயோனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுமாறு சிறுவனுக்கு அறிவுறுத்துகிறார். பெயரைச் சொல்வது துணிவு என்பது முதற்பாடம். ஏழாம் நூலிலோ, அப்பெயரை உச்சரிப்போரின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் மந்திரம் ஏவப்படுகிறது. எதிர்க்கத் துணிந்தோரே பெயரைச் சொல்வர் என்பதை அறிந்து அமைத்த பொறி அது. துணிவுக்கும் எச்சரிக்கை வேண்டும் என்பது இரண்டாம் பாடம். இறுதிப் போரில் கதைத்தலைவன் அவனை 'ரிடில்' என்று அழைக்கிறான். அது தீயோனின் இயற்பெயர். அச்சமூட்டும் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவன் ஒரு மனிதனே என்பது மூன்றாம் பாடம். பெயருக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஆண்டுக்கணக்கில், வயதுக்கேற்ற அளவில், இவ்வரிசை உணர்த்துகிறது.

இழிசொல்லும் இங்ஙனமே கையாளப்படுகிறது. இரண்டாம் நூலில் ஹெர்மயனி என்னும் மாணவியை, பிறப்பைப் பழிக்கும் சொல்லால் ஒருவன் ஏசுகிறான். சேற்றுக் குருதி என்பது அதன் பொருள். அச்சொல்லை முன்பின் கேட்டறியாத கதைத்தலைவன், சுற்றியிருப்போரின் கொதிப்பைக் கண்டே அது வசை என்று உணர்கிறான். பொருளைப் பின்னரே அறிகிறான். ஒரு சொல் எவ்வாறு புண்படுத்துகிறது என்பதை வாசகரும் அவனுடன் சேர்ந்து கற்கின்றனர்.

இக்கல்வி நூலோடு நின்றுவிடுவதில்லை. இத்தாலியில் 34 தொடக்கப்பள்ளி மாணவரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஆறு வாரங்கள் இந்நூல்களின் பாகுபாடு குறித்த பகுதிகளைப் படித்துக் கலந்துரையாடியவருள், கதைத்தலைவனோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொண்ட சிறுவரிடம் குடியேறிகள் குறித்த மனப்பான்மை மேம்பட்டிருந்தது. மாணவர் எண்ணிக்கை சிறிதே. எனினும், வாசிப்பும் உரையாடலும் இணையும்போது கதை வாழ்க்கையைத் தொடக்கூடும் என்பதற்கு இது சான்றாகிறது.

நம் கவலை இங்குதான் தொடங்குகிறது. அச்சம், நட்பு, இழப்பு, நீதி ஆகியவற்றை நம் பிள்ளைகள் இத்தகைய நூல்களின் வழி ஆங்கிலத்திலேயே எண்ணப் பழகுகின்றனர். தமிழோ பயிற்சித்தாளுக்கும் தேர்வுக்கும் உரிய மொழியாகச் சுருங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்நிலைக்குக் காரணங்கள் பல. ஆயினும், ஒரு மொழியில் கனவு காணப் பழகாத பிள்ளை வளர்ந்தபின் அம்மொழியில் மனம்விட்டுப் பேச முன்வருவது அரிது.

ஆங்கில நூலைப் பிள்ளையின் கையிலிருந்து பறிப்பது தீர்வன்று. அது படித்த கதையைத் தமிழில் சொல்லுமாறு கேட்போம். அந்த வசைச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது, பெயர்க்கத்தான் வேண்டுமா என்று உடனமர்ந்து ஆராய்வோம். நம் எழுத்தாளர்களும் சிறுவர்க்குத் தனிக்கதைகளோடு நிறுத்தாமல், பத்து வயதில் தொடங்கிப் பதினேழு வரை உடன்வரும் நூல்வரிசைகளைப் படைக்க முன்வர வேண்டும். அவை வெளிவரும்போது பரிசளிப்பு விழாவுக்காக மட்டுமன்றி, நம் வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்காகவும் வாங்குவது நம் கடமையாகும்.