அன்றைக்கே வீடு திரும்பலாம்

வேடசந்தூர் பக்கம் முருங்கை போட்டிருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது 68. ராத்திரியில் சிறுநீர் கழிக்க ஐந்து தடவை எழுந்து போகிறார் என்பதைப் பெரியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ‘வயசானா அப்படித்தான்’ என்று இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். திண்டுக்கல்லில் ரத்தம் கொடுத்தோம். பொதுவாக 4-க்குள் இருக்க வேண்டிய பி.எஸ்.ஏ. 11 என்று வந்தது. புராஸ்டேட் சுரப்பி வெறுமனே வீங்கினாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் அந்த எண் ஏறும். ஆகவே புற்றா இல்லையா என்று சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மருத்துவர் மதுரைக்கு எழுதிக்கொடுத்தார்.

“ஏப்பா, ஊசி பட்டா பரவிரும்கிறாங்களே?” பெரியப்பா கேட்ட முதல் கேள்வி இது. எங்கள் பக்கம் இந்தப் பயம் இல்லாத வீடே கிடையாது. புராஸ்டேட்டில் ஊசி போன தடத்தில் புற்று பரவுவது மிக மிக அரிது. முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவுவது பெரும்பாலும் கவனிக்காமல் விடப்பட்ட புற்று. இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் அதனால் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவரை விடாமல் இழுத்துக்கொண்டு போனேன்.

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது காலை எட்டு மணி. சதை எடுக்கும்போது வலி தெரியாமலிருக்க, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மொத்தமாக மரக்கச் செய்வது ஒரு முறை. அப்படிச் செய்தால் கால் உணர்ச்சி திரும்பும்வரை படுத்தே கிடக்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வது இன்னொன்று. வெளியூர்க்காரர் என்பதால் பெரியப்பாவுக்கு இரண்டாவது. இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துப் படுக்க வைக்கிறார்கள். கட்டைவிரல் பருமனுள்ள ஸ்கேன் கருவி ஆசனவாய் வழியே போகிறது. சுரப்பிக்குள் நரம்பு நுழையும் இடத்தைத் திரையில் பார்த்து, இரண்டு பக்கமும் லிக்னோகெய்ன் போடுகிறார்கள். 1996-ல் மருத்துவ இதழொன்றில் இந்த முறை வெளிவரும் முன்பு, பலருக்கும் மரப்பு மருந்து எதுவும் இல்லாமலே சதை எடுத்திருக்கிறார்கள்.

“வலி அந்தக் குழாய் போறப்பத்தான். அப்புறம் டப்பு டப்புன்னு சத்தம். பன்னெண்டு எண்ணுனேன்” என்றார் பெரியப்பா. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், வெள்ளை நூல் துண்டு போல ஒரு சதை. சின்னச் சின்னப் புட்டிகளில் போட்டு, சுரப்பியின் எந்தப் பக்கத்துச் சதை என்று நர்ஸ் ஒட்டிக்கொண்டே வந்தாராம். இருபது நிமிடத்தில் வேட்டியைக் கட்டிக்கொண்டு நடந்து வந்துவிட்டார். அன்றைக்கே வீடு திரும்பலாம் என்றார்கள்.

திரும்பினோம். இப்போது யோசித்தால், அந்த வசதியை அப்படியே எடுத்துக்கொண்டது என் தப்பு.

சிறுநீரில் இரண்டு மூன்று நாள் ரத்தம் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள், வந்தது, நின்றது. விந்தில் சில வாரம்கூட ரத்தம் தெரியலாம். அதை யாரும் சொல்வதில்லை. ஆண்கள் தனியாகப் பார்த்து, தனியாகப் பயப்படுகிறார்கள். எங்களைப் புரட்டிப்போட்டது காய்ச்சல். இரண்டாம் நாள் ராத்திரி பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கம். மலக்குடல் வழியாக ஊசி போவதால் அங்குள்ள கிருமி ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். முன்கூட்டி மாத்திரை கொடுக்கிறார்கள்தான், ஆனால் வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத கிருமிகள் நம் நாட்டில் நிறைய. ‘வைரஸ் காய்ச்சல்தான்’ என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கக் கிளம்பிய என்னைப் பெரியம்மா நிறுத்தி, பெரியப்பாவின் சட்டைப் பையிலிருந்த டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினார். பக்கத்து ஆஸ்பத்திரியின் இரவு மருத்துவர் அதில் சதை எடுத்ததைச் சொல்லும் ஒரு வரியைப் படித்ததும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, உடனே ஊசி மருந்தை ஏற்றினார். நான்கு நாள் படுக்கை, பிழைத்துக்கொண்டார்.

வெளியூருக்குப் போய் இதைச் செய்துகொள்பவர்கள் முதல் இரண்டு ராத்திரி, ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தில் தங்குங்கள். காய்ச்சலோ, சிறுநீர் அடைப்போ வந்தால் ராத்திரி எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. ஆசனவாய் வழியே ஊசி விடாமல், அதற்கும் விரைப்பைக்கும் நடுவிலுள்ள தோலை மரக்கச் செய்து ஊசி செலுத்தும் முறையும் இருக்கிறது. கிருமித் தொற்றைக் குறைக்க ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கம் அதைத்தான் பரிந்துரைக்கிறது. ‘இங்கே அது உண்டா?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இந்தக் கூச்சத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கை நினைவுக்கு வருகிறது. 2000-ல் தொடங்கி, அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய நல மையத்திலிருந்து பயிற்சி பெற்ற நர்ஸுகள் கிராமம் கிராமமாகப் போய், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கருப்பைவாயை அசிட்டிக் அமிலம் தடவிச் சோதித்தார்கள். பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். சந்தேகம் வந்தால் அங்கேயே சதை எடுத்தார்கள், வேண்டியவர்களுக்கு அங்கேயே உறையவைக்கும் சிகிச்சையும் தந்தார்கள். அந்தப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்ததை 2007-ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. திண்டுக்கல் சீமையின் பெண்கள் உலகத்துக்குக் காட்டிய வழி அது. அந்த வயதில் பெரியம்மா கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வரிசையில் நின்றவர். பெரியப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவே இரண்டு வருடம் ஆனது. புராஸ்டேட்டுக்கு அப்படி வீட்டு வாசலில் முடிகிற சோதனை இன்னும் இல்லை. வாய் திறந்து சொல்வதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லையே.

பத்தாம் நாள் ரிசல்ட் வாங்கப் போனோம். புற்றின் வேகத்தைச் சொல்லும் க்ளீசன் மதிப்பெண் 3+3, மொத்தம் 6. புற்றுதான், ஆனால் மிக மெதுவாக ஊர்கிற வகை. உடனே வெட்டவும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார் மருத்துவர். நான் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடையாறுக்கோ வேலூருக்கோ இன்னொரு கருத்துக் கேட்கப் போனால் அவற்றைக் கொடுத்தாலே பார்ப்பார்கள். மறுபடி ஊசி போட அவசியம் இருக்காது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம். அதைத் திண்டுக்கல்லிலேயே கொடுக்கலாம். ஒரு வருடம் கழித்து மட்டும் மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா பயப்படுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அப்ப பஸ்ஸு வேணாம்ப்பா, குலுக்கல் தாங்கல. ரயில்ல போவோம்” என்றார். “ரெண்டு ராத்திரி தங்கிட்டே வருவோம். உங்க பெரியம்மாவையும் கூட்டிக்குவோம்.”