வீட்டு மனையும் நீரின் வழியும்

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், புது வீட்டின் அடிக்கல்லை மந்திரிக்க நம்மை அழைத்திருந்தனர். காப்பித் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்துப் பெற்ற பணிக்கொடை முழுவதையும் கொடுத்து அத்தந்தை வாங்கிய மனை அது. சித்திரை வெயிலிலும் அங்கே புல் பசுமையாக நின்றது. முந்திய நாள் வெட்டிய கடைக்காலிலோ முழங்கால் அளவுக்கு நீர் ஊறியிருந்தது.

"குழியில் தண்ணீர் வருவது நல்ல சகுனம் என்று மேஸ்திரி சொல்கிறார். அப்படித்தானே சாமி?" என்று அவருடைய மனைவி கேட்டார். அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சியைக் கண்ட நமக்கு மறுமொழி கூற நா எழவில்லை. "அனுமதி வாங்கியாயிற்றா?" என்று மட்டும் கேட்டோம். "தரகர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்றனர்.

ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு என்பர். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை முழுவதும் உடனே ஓடிவிடுவதில்லை. ஒரு பகுதி மேட்டு மண்ணில் இறங்கி, பள்ளங்களில் ஊற்றாகக் கசிந்து, சதுப்பாகத் தங்கி, பின்னரே ஓடையாகிறது. ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாக விழுவதை நாம் அறிவோம். இந்தப் பள்ளங்களை மண் கொட்டி மேடாக்கினால் நீர் மறைந்துவிடாது, வழி மாறும். கட்டியவன் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும். அல்லது அயலான் வீட்டு மண்கரை சரியும்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. அதே நாள்களில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து எழுவர் மாண்டனர். ஒவ்வொரு சரிவுக்கும் கட்டடங்களே காரணம் என்பது நேர்மையாகாது. ஆயினும் மலையில் நீர் செல்லும் வழியை அறியாமல் வீடு கட்டுவது எத்துணை ஆபத்தானது என்பதை அம்மழை உணர்த்தியது.

இதற்காகவே 1990ஆம் ஆண்டு தமிழக அரசு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. ஏற்காட்டுப் பகுதியும் அதன் பார்வைக்கு உட்பட்டதே. வனம், வேளாண் பொறியியல், புவியியல் ஆகிய துறைகளின் கருத்தும் கேட்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடங்களைத் தடுக்கின்றன. ஆனால் அவை ராம்சார் தலங்களையும், அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களையுமே காக்கின்றன. பெயரில்லாத நம் சிறு சதுப்புகளுக்கு, மனையை நேரில் ஆராயும் அதிகாரிகளின் கண்ணே காவல்.

அந்த ஆய்வு காலம் தாழ்ந்தால் நேர்வது என்ன என்பதைச் சென்னை காட்டுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சார் தலமாயிற்று. அதன் எல்லையும் தாக்கப் பகுதியும் அளந்து முடியாத நிலையில், 2025இல் பசுமைத் தீர்ப்பாயம் அத்தலத்திலும், சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் கட்டட அனுமதியை நிறுத்தி வைத்தது. சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களாக மாறிய பின்னரே இந்த அளவை!

"பெரிய விடுதிகளுக்கு வழி கிடைக்கிறது, ஏழைக்கு மட்டும்தான் சட்டமா?" என்று நம் மக்கள் கேட்பது நியாயமே. ஆய்வு இருவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். காரணமின்றி மனுக்களைத் தேக்கி வைப்பதும் அநீதியே. ஆனால் ஆய்வே வேண்டாம் என்றால், பணமுள்ளவன் வேறு மனை வாங்குவான்; பணிக்கொடையை இழந்தவன் எங்கே போவான்?

ஆகவே குடும்பத் தலைவர்களே, முன்பணம் கொடுக்குமுன் மனையை ஐப்பசி மழையில் ஒருமுறை பாருங்கள். அங்கே முன்பு என்ன விளைந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். புலப்படத்தில் ஓடை உள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை முழுத்தொகை தராதீர்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. நம் ஊற்றுகளைப் பற்றி அங்கே பேசுங்கள்.

அக்குடும்பத்தார் இன்னும் வாடகை வீட்டில்தான் வாழ்கின்றனர். மனு திருப்பி அனுப்பப்பட்டது, தரகரைக் காணவில்லை. மனை வாங்கிய செய்தியை அவர்கள் முதன்முதல் நம்மிடம் சொன்னபோது, "எங்கே, எப்படிப்பட்ட நிலம்?" என்று கேளாமல் வாழ்த்தி அனுப்பியது நம் குற்றமே. அந்தக் கடைக்கால் குழி இன்றும் இருக்கிறது. கோடையில் அயல் வீட்டுப் பெண்கள் குடத்துடன் அங்கே வருகின்றனர். நீர் தன் இடத்தில்தான் இருக்கிறது. இடம் தவறியவர்கள் நாமே.