சுழலும் வட்டத்தின் பின்னால்

கைப்பேசியில் பணம் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறோம். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. காத்திருப்பதா, மீண்டும் அழுத்துவதா என்று நம்மில் பலரும் தயங்குகிறோம். அவ்வேளையில் நடப்பதை அறிந்தால் தயக்கம் தீரும்.

நமது கைப்பேசிக்கும் வங்கியின் கணினிக்கும் இடையே தகவல் சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. அவற்றை ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால் போலக் கையாளும் விதிமுறையே டி.சி.பி. 1981-இல் வெளியான அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

இணைப்பு மூன்று படிகளில் அமைகிறது. கைப்பேசி 'பேசலாமா?' என்று கேட்கும். வங்கிக் கணினி 'பேசலாம், கேட்கிறதா?' என்னும், கைப்பேசி 'கேட்கிறது' என ஒப்புகை தரும். கேள்வியோ மறுமொழியோ வழியில் தொலைந்தால், கைப்பேசி ஏறத்தாழ ஒரு விநாடி பொறுத்து மீண்டும் கேட்கும். பின்னர் இரண்டு, நான்கு, எட்டு விநாடிகள் என இடைவெளியை இரட்டிப்பாக்கும். நெரிசலை மேலும் பெருக்காதிருக்கவே இப்பொறுமை. இக்கட்டத்தில் பணம் செலுத்தும் ஆணை வழக்கமாகப் புறப்பட்டிருக்காது.

விடைபெறும்போதும் இரு தரப்பும் 'முடித்துக்கொள்கிறேன்' எனக் கூறி ஒப்புகை பெறும். ஆனால் கடைசி ஒப்புகை சேர்ந்ததா என்பதை அனுப்பியவர் அறிய இயலாது. அதற்கும் ஒப்புகை கேட்டால் முடிவே இராது. ஆகவே முதலில் விடைபெற்ற தரப்பு சற்றுக் காத்திருக்கும். லினக்ஸ் கணினிகளில் இது 60 விநாடிகள். ஒப்புகை தொலைந்திருப்பின் எதிர்த்தரப்பு மீண்டும் விடைகேட்கும். மறு ஒப்புகை செல்லும்.

நமக்குரிய பாடமும் இதுவே. ஆணை சேர்ந்தபின், 'பணம் சென்றது' என்ற மறுமொழி வருமுன் சிக்னல் முற்றிலும் அறுந்துபோகலாம். தொலைந்த பொட்டலத்தை டி.சி.பி. மீண்டும் அனுப்பும், அறுந்த இணைப்பின் மறுமுனையில் நடந்ததை அதனால் நமக்குச் சொல்ல இயலாது. திரையில் பிழை தோன்றினாலும் கணக்கில் பற்று வைக்கப்பட்டிருக்கலாம். மீண்டும் அழுத்தினால் அது புதிய ஆணையாகி, இருமுறை பணம் செல்ல இடமுண்டு.

எனவே முதலில் கணக்கு விவரத்தைப் பார்ப்போம். யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய தொகை நம் கணக்கில் கழிந்தும் அவரைச் சேராவிடில், மறுநாளுக்குள் அது திரும்ப வேண்டும் என்றும், அதன்பின் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்துள்ளது. காத்திருப்பதால் நமக்கு இழப்பில்லை, அவசரத்தில்தான் இழப்பு.