சாயப்பட்டறைப் புகைபோக்கி: புதிதாக நிறுத்துவதா, பழையதைச் செப்பனிடுவதா?

அடுப்பு எரிந்து, சாயத் தொட்டி கொதித்து, நூலில் நிறம் ஏறிவிட்டால் புகை போகும் வழியைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. சென்ற ஐப்பசி மழையில் நம் சங்கத்துச் சாயப்பட்டறைப் புகைபோக்கிக்குள் தீப்பற்றிக் கூரைச் சட்டம் ஒன்று கருகிய பின்னரே நம் கவனம் அதன்பால் சென்றது. தொழிலாளர்க்கும் நூல் சிப்பங்களுக்கும் தீங்கு நேராதது நம் நற்பேறு.

இப்பொழுது நிர்வாகக் குழுவின்முன் இரண்டு யோசனைகள் உள்ளன. பழைய செங்கல் புகைபோக்கியைக் கைவிட்டு, சுவருக்கு வெளியே இரும்புத் தகட்டால் புதியது நிறுத்துவது ஒன்று. பழையதன் உள்ளே எவர்சில்வர் குழாய் இறக்கிச் செப்பனிடுவது மற்றொன்று. மகாசபை முடிவு செய்யுமுன் இரண்டின் குணதோஷங்களையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

முதற்கண் தீப்பற்றிய காரணத்தை அறிதல் வேண்டும். புகை சூடாக இருப்பதாலேயே இலேசாகி மேலெழுகிறது. விறகுப் புகையில் நீராவியும் தார்ப்பொருள்களும் கலந்துள்ளன. புகையின் வெப்பம் சுமார் 120 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் அவை சுவரில் கரிப்பிசினாகப் படிகின்றன. அப்பிசின் பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரியையும் தாண்டக்கூடும்.

நம் புகைபோக்கி முன்னிருந்த திறந்த அடுப்புக்காகக் கட்டப்பட்டது. அதன் உள்வாய் 18 அங்குலச் சதுரம். பரப்பு 324 சதுர அங்குலம். பின்னர் விறகுச் சிக்கனம் கருதி மூடிய உலை அமைத்தோம். அதன் புகைவாயின் விட்டம் 8 அங்குலம். பரப்பு சுமார் 50 சதுர அங்குலமே. ஆறு மடங்குக்கு மேல் அகன்ற வழியில் புகை மெல்ல ஊர்ந்து, குளிர்ந்து, பிசினை விட்டுச் சென்றது. உலையை மாற்றிய நாம் புகைபோக்கியை மாற்றவில்லை, குற்றம் நம்முடையதே.

வெளிப்புகைபோக்கிக்கு நியாயங்கள் உண்டு. அதனை நிறுத்தும்வரை சாய வேலை தடைப்படாது, கூரை மரங்களிலிருந்து விலகி நிற்கும், துடைப்பதும் எளிது. ஆயினும் ஒற்றைத் தகடு காற்றிலும் மழையிலும் விரைந்து குளிரும், துருவும் ஏறும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியின்படி, கட்டடத்துக்குள் அமைந்த புகைபோக்கியின் பரப்பு உலைவாயைப்போல் மூன்று மடங்கு வரை இருக்கலாம். வெளியே நிற்பதாயின் இரண்டு மடங்கே. வெளியில் புகை அதிகமாகக் குளிரும் என்பதே காரணம். நம் நாட்டில் அத்தகைய குளிர் இல்லை எனினும், மழைக்காலத்தில் சீமைக்கருவேல் விறகும் ஈரமாகவே வருகிறது. ஆகவே வெளியே நிறுத்துவதானால் இரட்டைத் தகடும் இடையில் கனிமக் கம்பளியும் வேண்டும். செலவுக் கணக்கில் அதனையும் சேர்த்தே பார்த்தல் நலம்.

உட்குழாய் முறையில் உலைவாய்க்கு ஒத்த 8 அங்குலக் குழாயைச் செங்கற்சுவர் காற்றினின்றும் மழையினின்றும் காக்கும். புகை சூடு குறையாமல் விரைந்து வெளியேறும். ஆனால் சுவர் உறுதியாக இருந்தாலன்றி இது பயன்படாது. சாய்ந்த சுவரையும் உதிரும் சாந்தையும் குழாய் தாங்கி நிறுத்தாது. கூரை மரத்துக்கும் செங்கல்லுக்கும் இடையே 2 அங்குல இடைவெளியும் விட வேண்டும். சுவர் உறுதியெனில் செப்பனிடுவதே மேல் என்பது நம் கருத்து.

எதைத் தேர்ந்தாலும் சில விதிகள் பொதுவானவை. புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியேனும், 10 அடிக்குள் உள்ள எப்பொருளையும்விட 2 அடியேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இதனினும் மிகுதியான உயரம் குறித்திருப்பின் அதுவே செல்லும். கல்நார் எவ்விடத்தும் ஆகாது. விறகைப் பிளந்து, மழைக்குமுன் கொட்டகையில் அடுக்கி உலர்த்த வேண்டும். பிசின் அரைக்கால் அங்குலம் படிந்ததும் துடைத்துவிட வேண்டும்.

முடிவுக்குமுன் ஒரு சோதனை தேவை. உலையில் ஈர வைக்கோலைப் புகையவிட்டு, புகைபோக்கியின் மேல்வாயைச் சற்று நேரம் மூடினால், வெடிப்புகளின் வழியே புகை கசிந்து காட்டிக் கொடுக்கும். அவ்வெடிப்புகளின் வழியேதான் மணமற்ற கார்பன் மோனாக்சைடு நஞ்சும் பட்டறைக்குள் வரும். சோதனையின்போது சாயத் தொழிலாளர் இருவரேனும் குழுவினருடன் இருக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். நாள்தோறும் அவ்வுலையருகே நிற்பவர்கள் அவர்களே.