பசவனகுடியின் கடலைக்காய்ப் பரிஷை

விளைந்த பொருளை முதலில் இறைவனுக்குப் படைத்துப் பின்னரே தாம் உண்பது உழவர் குடியின் பழைய மரபு. பொங்கலிட்டுப் பழகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இத்தாலி நாட்டுச் சிற்றூர்களிலும் இவ்வழக்கம் உண்டு. 'சாக்ரா' எனப்படும் அவ்விழா ஊர்க்கோயில் திருநாளை ஒட்டிப் பிறந்தது. அச்சொல்லின் வேரே 'புனிதம்' என்னும் பொருளுடையது. டஸ்கனியைச் சேர்ந்த மர்ராடி என்னும் மலையூரில் அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ்ட்நட் கொட்டையை வறுத்துக் குவித்து விழாக் கொண்டாடுகின்றனர். இதற்கு இணையானதொரு விழா நாம் வாழும் பெங்களூரிலேயே ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிஷையே அது. 'பரிஷெ' என்னும் கன்னடச் சொல் திருவிழாவையும் சந்தையையும் ஒருங்கே குறிக்கும்.

இதன் வரலாறாக வழங்கும் கதை இது. இன்றைய பசவனகுடி முன்னாளில் சுங்கேனஹள்ளி என்னும் சிற்றூர். அவ்வூரிலும், அருகிலிருந்த மாவள்ளி, குட்டஹள்ளி முதலிய ஊர்களிலும் நிலக்கடலை பயிரிட்டனர். முற்றிய பயிரை இரவுதோறும் ஒரு காளை மேய்ந்து அழித்தது. சினங்கொண்ட உழவர் அதனைத் துரத்திச் செல்ல, அது குன்றின்மேல் கல்லாய்ச் சமைந்தது. உழவர் தம் செயலுக்கு வருந்தி, முதல் விளைச்சலை அதற்கே படைப்பதாக நேர்ந்து கொண்டனர். ஒரே கல்லில் செதுக்கிய, ஏறத்தாழ 15 அடி உயரமும் 20 அடி நீளமும் உள்ள நந்தி இன்றும் அக்கோயிலில் காட்சி தருகின்றது. கோயிலைக் கட்டியவர் பெங்களூரை 1537-இல் நிறுவிய கெம்பே கௌடர் என்பர்.

இன்று அவ்வூர்களில் வயல் ஏது? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பசவனகுடி புதுக் குடியிருப்பாக வகுக்கப்பட்டது. வயல்கள் தெருக்களாயின, ஊர்ப் பெயர்கள் பேருந்துப் பலகைகளில் எஞ்சின. ஆயினும் விழா அழியவில்லை. கோலார், சிக்கபள்ளாப்பூர், துமகூரு ஆகிய பகுதிகளிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், நம் தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களிலிருந்தும் மூட்டை மூட்டையாய்க் கடலை வந்து இறங்குகின்றது. பெருந்தொற்றுப் பரவிய 2020-இல் பரிஷை நடைபெறவில்லை. மறு ஆண்டே மீண்டும் கூடிற்று.

நிலக்கடலையின் இயல்பும் வியப்புக்குரியது. பூ மண்ணுக்கு மேலே மலரும். கருவுற்றபின் அதிலிருந்து ஒரு விழுது கீழிறங்கி மண்ணைத் துளைத்துச் செல்லும். அதன் நுனியே மண்ணுக்குள் காயாகும். தென் அமெரிக்காவே இதன் தாயகம். கடல் கடந்து வந்த பயிர் என்பதை ஆர்க்காட்டு மக்கள் வழங்கும் 'மணிலாக் கொட்டை' என்னும் பெயரே காட்டும்; 'மல்லாட்டை' என்பது அதன் மரூஉ. வேற்று நாட்டிலிருந்து வந்து இம்மண்ணில் வேரூன்றி, இவ்வூரார் தம் கடவுளுக்கே படைக்கும் பொருளாயிற்று என்றால், பிழைப்பைத் தேடி இங்கு வந்த நமக்கு அது சிறு செய்தியன்று.

ஏனெனில், 'அது அவர்கள் விழா, நமக்கென்ன?' என்று ஒதுங்கி நிற்போர் நம்மிடையே உளர். அதனைக் குற்றமென்று சொல்லோம். 1991-லும் 2016-லும் காவிரி நீர் குறித்து இந்நகரில் எழுந்த கலவரங்களை நினைப்போர்க்கு அச்சம் இயல்பே. ஆனால் அச்சத்தை அரசாணை போக்குவதில்லை, பழக்கமே போக்கும். பரிஷையில் கடலை அளந்து போடும் மூதாட்டி நம் மொழியைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. பல வேளைகளில் அவரே தமிழில் விலை சொல்வார். 'எஷ்டு?' என்று கேட்க நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டால், அவர் ஒரு கை கூடுதலாகவும் போடுவார்.

அங்கே பச்சைக்காய், வேகவைத்தது, மணலில் வறுத்தது என மூவகையும் கிடைக்கும். இருபருப்புக் காயும் மூன்று பருப்புள்ள நீண்ட காயும் தனித்தனிக் குவியலாய் இருக்கும். 'சேரு' என்னும் படியால் அளப்பர். பொரி, கடலை மிட்டாய், பத்தாசு ஆகியனவும் உண்டு. பேரம் பேசுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். வண்டி வாடகை கொடுத்து வந்து, நடைபாதையிலேயே இரவைக் கழித்து விற்பவர் அவர். ஒரு மழை பெய்தால் குவியல் முழுதும் நனைந்து விலை சரியும். நாம் பிடிவாதமாய்க் குறைக்கும் ஐந்து ரூபாய் அவருக்கு ஒருவேளைத் தேநீர்.

வாங்கிய பச்சைக்காயை மூடி வைக்கலாகாது; வெயிலில் நன்கு உலர்த்தியே சேமிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த பருப்பு நச்சுடையது. அதனை வறுத்தாலும் நஞ்சு முற்றும் நீங்காது.

கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையே பரிஷைக்குரிய நாள். அம்மாதம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையோடு முடியும். ஆதலின் நம் பஞ்சாங்கத்துக் கார்த்திகையோடு அதனை மயங்க வேண்டா. முன்னும் பின்னும் சில நாட்கள் கடைகள் இருக்கும். அலுவலுக்குச் செல்வோர் முந்திய ஞாயிறன்றே சென்று வரலாம். ஜீவனஹள்ளியிலிருந்து மெஜஸ்டிக் சென்று, அங்கிருந்து மெட்ரோவில் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கினால், அப்பால் நடக்கும் தொலைவே. கூட்டம் மிகுதியாதலால் சிறு குழந்தைகளின் கையை விடாதிருத்தல் வேண்டும். துணிப்பை ஒன்றும் சில்லறையும் உடன் கொண்டு செல்க. திரும்பும்போது அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கும் ஒரு படி சேர்த்து வாங்கி வருக.